மெஷின் அக்காவும் சிப்பிகளும்

கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்த விளையாட்டுக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் அவளை மெஷின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காசு மாட்டிக்கொண்டால் மெஷின் அக்கா, பந்து உருண்டு வராமல் அடம்பிடித்தால் மெஷின் அக்கா, கார் ஓட்டும் பெட்டியில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாகவே இழுத்தால் அதற்கும் மெஷின் அக்கா. நாற்பதைத் தாண்டியவளை ஆன்ட்டி என்று சொல்லாமல் அக்கா என்கிறார்களே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். இடுப்புப் பட்டையில் ஸ்க்ரூடிரைவர்களும் ஒரு சின்ன டார்ச்சும் தொங்க, கூடம் திறப்பதற்கு முன்பே வந்துவிடுவாள். விளக்கு போடாத அந்தப் பெரிய அறையில் ஒவ்வொரு இயந்திரத்தின் முதுகையும் திறந்து பார்ப்பாள். முன்பக்கம் எத்தனை பளபளப்போ பின்பக்கம் அத்தனை தூசி. அவளுக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். அங்கே எதுவும் நடிக்காது என்பாள்.

அவள் பொறுப்பில் இருந்தவற்றில் முதலாளிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது பொம்மை பிடிக்கும் மெஷின். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சுப் பொம்மைகள் குவிந்திருக்கும். மேலேயிருந்து மூன்று விரல் வைத்த ஓர் இரும்புக் கை இறங்கும், ஒரு பொம்மையைக் கவ்வும், தூக்கும், பாதி வழியில் நழுவ விட்டுவிடும். தங்கள் கைவாகு சரியில்லை என்று ஆடுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் கைவாகில் இல்லை, பின்பக்கம் இருந்த ஒரு சின்னத் திருகாணியில் இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் பிடி இறுகும், அந்தப் பக்கம் திருப்பினால் தளரும். எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை கை முழுப் பலத்தோடு பிடிக்க வேண்டும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. முதலாளி சொல்வார், அவள் வைப்பாள்.

"பாவமா இல்லையா உனக்கு?" என்று ஒருமுறை கணவர் கேட்டார்.

"எதுக்கு? பொம்மைக்கா, ஆளுக்கா?"

பாவம் பார்க்கிற சுபாவம் அவளுக்கு இல்லாமலில்லை. ஆனால் அந்த மெஷினைப் பொறுத்தவரை அவளுக்கு இருந்தது வேறு ஒன்று, ஒரு தீராத குறுகுறுப்பு. பொம்மை நழுவிய பிறகு ஆள் கோபப்பட வேண்டும், இல்லையா? யாரும் கோபப்படுவதில்லை. "சே, கொஞ்சத்துல போச்சு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த டோக்கனுக்குப் பையைத் துழாவுவார்கள். தோற்றவன் முகத்தில் எப்படி இத்தனை தெம்பு வருகிறது? கண்ணாடி துடைக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறாள். பிடிபடவில்லை.

அவள் கணவருக்கு ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. நல்ல மனுஷர், வாய் கொஞ்சம் நீளம். தான் சுட்ட ரொட்டியின் ஓரத்தைக் கடித்துத் தன் கடைவாய்ப்பல்லையே உடைத்துக்கொண்டார். "அப்படி ஒரு முறுகல்!" என்று வலியோடு வலியாகப் பெருமையும் அடித்துக்கொண்டார். பல் டாக்டர் வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்து அடைத்துவிட்டு, மேலே உறைபோல ஒரு கேப் போட்டாக வேண்டும், அதற்கு இவ்வளவு ஆகும், ஏற்பாடு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த டாக்டரின் காத்திருப்பு அறையில்தான் அவளுக்கு மீன்தொட்டி அறிமுகமானது. உள்ளே பல் குடைகிற சத்தம். கேட்கப் பிடிக்காமல் போனை எடுத்து எதையோ பார்க்கப் போனவளுக்கு நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. நீலத் தண்ணீர், வாலை ஆட்டும் ஒரு குட்டி மீன், 'என்னை வளர்ப்பாயா?' என்று ஒரு கேள்வி. இலவசம் என்று போட்டிருந்தது. வளர்த்துத்தான் பார்ப்போமே என்று இறக்கிக்கொண்டாள்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், தீனி போட வேண்டும், நாளடைவில் மீன்கள் பெருகும். புது மீன் எங்கிருந்து வரும் என்பதுதான் விசேஷம். சிப்பியிலிருந்து வரும். மூடிய சிப்பி ஒன்று தரையில் வந்து உட்காரும். தொட்டால் நடுங்கும். மெல்லத் திறக்கும்போது உள்ளே வெளிச்சம் சுழலும், நிழல் நிழலாக மீன்கள் ஓடும், கடைசியில் ஒன்று நிற்கும். பெரும்பாலும் சாம்பல் மீன். சில நேரம் கோடு போட்ட மீன். எப்போதாவது, அத்திபூத்தாற்போல, தங்க மீன். தொடக்கத்தில் சிப்பிகள் தாராளமாகச் சும்மா கிடைத்தன. பிறகு அரிதாகின. காத்திருக்க முடியாதவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கட்டுமானம் முழுவதும் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. நம்ம மெஷின்தான், கண்ணாடிக்குப் பதிலாகத் திரை, பொம்மைக்குப் பதிலாக மீன். எந்த மீன் எத்தனை அபூர்வம் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் படிப்பதுபோல அதையும் படித்தாள். படித்துவிட்டு ஒரு சிப்பி வாங்கினாள். சாம்பல் மீன் வந்தது. இன்னொன்று வாங்கினாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. வேலைக்குப் போகும் பேருந்தில் ஒன்று. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்று. துணி துவைக்கும் மெஷின் சுற்றி முடித்து நிற்கிற நேரத்தில் திறந்தால் நல்ல மீன் வருகிறது என்று ஒரு நாள் தோன்றியது. அதற்காகவே அழுக்கில்லாத துணியையும் தூக்கி உள்ளே போட்டாள். வலது கட்டைவிரலுக்கு ராசியில்லை, இடது கட்டைவிரல்தான் சரி. அதையும் சட்டை ஓரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு அமுக்க வேண்டும். மின்சுற்றைக் கையால் தொட்டுப் பார்த்துப் பழுது சொல்கிறவள், கட்டைவிரலைத் துடைத்தால் மீன் மாறும் என்று நம்பினாள். நம்பினாள் என்றும் சொல்ல முடியாது. நம்பவில்லை, ஆனால் துடைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கேப் போடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிப்பிக்குள் போனது. கணவர் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட எப்பம்மா போறது?" என்று கேட்டால், "இந்த மாசம் கூடத்துல வேலை ஜாஸ்திங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பாள். அவரும் பாவம், சரி என்று சூப்பில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் சாப்பிட வந்திருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், தனியாள். ஒரு காலத்தில் அவனுக்கும் குடும்பம் இருந்தது. சீட்டாட்டம் அதைத் தின்றுவிட்டது. வீடு போனது, அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள், அம்மா அவனோடு பேசுவதையே விட்டாள். அப்புறம் எப்படியோ ஆடுவதை நிறுத்தினான். நிறுத்திப் பல வருஷமாகிறது. வீட்டில் யாரும் அவன் முன்னால் சீட்டு என்ற வார்த்தையையே எடுப்பதில்லை, கடைக்காரன் கொடுக்கிற துண்டுச்சீட்டைக்கூட 'பேப்பர்' என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கு அவள் சமையலறையில் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். துணி மெஷின் சுற்றி அடங்கியது. கட்டைவிரலைத் துடைத்தாள், அமுக்கினாள். வெளிச்சம் சுழன்றது. நிமிர்ந்தபோது வாசலில் அண்ணன் தண்ணீர் சொம்போடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய்விட்டான். கிளம்புகையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கு என்னைக்கு லீவு பாப்பா? மத்தியானமா பஸ்ஸுக்கு வா. கொஞ்சம் பேசணும்" என்றான்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அந்தப் பேருந்து பள்ளிச் சுவரோரம் சும்மா நிற்கும். அவன் அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே ஒரு தூக்கம் போடுவான். அவள் ஏறியபோது உள்ளே பென்சில் சீவலும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை. இருக்கைகள் பிள்ளைகளுக்கானவை, முட்டி இடித்தது. இருவரும் நடைபாதையின் இரு பக்கமும் கால்களை நீட்டி உட்கார்ந்தார்கள்.

"அது என்ன ஆட்டம்?" என்றான்.

"மீன் வளர்க்கறது அண்ணா. சும்மா பொழுது போக."

"பொழுது போகத்தான் நானும் உட்கார்ந்தேன்." இடித்த முட்டியைத் தடவிக்கொண்டான். "அமுக்கறதுக்கு முன்னாடி கட்டைவிரலைத் துடைச்சே பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சீட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி நானும் துடைப்பேன், பேன்ட்ல. இங்க, தொடைப் பக்கம்."

அவளுக்கு முகம் சுண்டியது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு. வெகு காலமாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று தேடிய ஒன்றை இவனிடம் கேட்கலாமே என்று சட்டெனத் தோன்றிவிட்டது.

"அண்ணா, சீட்டு திரும்பறதுக்கு முன்னாடி உனக்கு எப்படி இருக்கும்?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமோ என்று பயந்தாள்.

"இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்ல" என்றான். "ஏன் ஆடினே, ஏன் ஆடினேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. அம்மா, உன் அண்ணி, போலீஸ்காரர்கூடக் கேட்டார்."

"என்ன சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னேன். இன்னைக்கும் தெரியாது. ஆனா நீ கேக்கறது தெரியும்." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சீட்டு கவுந்து கிடக்கும் பாரு, அந்த ஒரு மூச்சு. அப்ப எனக்குக் கடன் கிடையாது, சண்டை கிடையாது, வீட்டுக்குப் போய் என்ன சொல்றதுங்கிற கவலை கிடையாது. அந்தச் சீட்டு எதுவா வேணாலும் இருக்கலாம். திருப்பிட்டா ஏதோ ஒண்ணா ஆயிடும். ஜெயிச்சாக்கூட, சத்தியமா சொல்றேன், லேசா ஒரு ஏமாத்தம் இருக்கும்."

"தங்க மீன் வந்தா எனக்கும் அப்படித்தான் அண்ணா! நல்லா இருக்குன்னு நினைக்கறதுக்குள்ள அடுத்த சிப்பி எங்கன்னு கை தேடும்."

"வித்தா காசு வருமா அந்த மீனுக்கு?"

"வராது. திரைக்குள்ளேயேதான் நீந்தும்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப நான் உன்னைவிடப் புத்திசாலி. நானாவது போட்ட காசு திரும்பி வரும்னு ஆடினேன். நீ வராதுன்னு தெரிஞ்சே போட்டிருக்கியே!"

அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. காசு வராத இடத்திலும் அதே கட்டைவிரல், அதே மூச்சு. அப்படியென்றால் காசுக்காக இல்லையா இது?

"எங்க மெஷின்ல ஸ்க்ரூ எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "இதுல எங்க இருக்குன்னு பார்க்கணும் அண்ணா. இதுக்குப் பின்பக்கமே இல்லியே."

யோசனை அவளுடையதுதான். அடுத்த வாரம், தன் போனில் சிப்பி திறப்பதை அண்ணனை அவன் போனில் படம் எடுக்கச் சொன்னாள். சேர்த்து வைத்திருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறகு அந்தப் படங்களை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரண வேகத்தில் வெறும் மின்னலாகத் தெரிந்தது மெதுவாக்கியதும் தெளிவாகியது. நிழல்கள் ஓடுகின்றன: சாம்பல், சாம்பல், கோடு, சாம்பல். வேகம் குறைகிறது. தங்கம் வருகிறது, நிற்கிறாற்போல் தயங்குகிறது, ஒரு மயிரிழை தாண்டி அடுத்ததில் போய் நிற்கிறது. சாம்பல்.

"அடுத்ததைப் போடு" என்றான் அண்ணன்.

அடுத்ததிலும் தங்கம் ஒரு இடம் தள்ளி. அதற்கடுத்ததிலும் அப்படியே. எந்தச் சிப்பியிலும் தங்கம் தொலைவில் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சத்தில்தான் போயிருந்தது.

அவள் தொடையில் அடித்துக்கொண்டாள். "நான் தொட்டப்பவே முடிவாயிடுச்சு அண்ணா. என்ன மீன்னு முதல்லயே எழுதியாச்சு. அதுக்கப்புறம் சுத்தறது, நடுங்கறது, தயங்கறது எல்லாம் கூத்து! எங்க மெஷின் பொம்மையைத் தூக்கித் தூக்கிப் போடுதே, அதேதான். தூக்காமலே இருந்தா எவன் மறுபடி ஆடுவான்? அடப்பாவி, எவ்வளவு நேர்த்தியாப் பண்ணியிருக்கான்!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. நல்ல வேலைப்பாட்டைப் பார்த்த தொழில்காரியின் சந்தோஷம் வந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. படத்தை இன்னொரு தரம் ஓடவிட்டு, தங்க மீன் தயங்கும் இடத்தில் நிறுத்தி, பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருகாணியைக் கண்டுபிடித்தாயிற்று, இனி ஒழிந்தது என்றுதான் அண்ணனின் பேருந்தைவிட்டு இறங்கினாள். வீட்டுக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில், நாம் பார்த்தது சரிதானா என்று ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு சிப்பி வாங்கினாள். தங்கம் தயங்கி நகர்ந்தது. நகரும் என்று தெரியும். தெரிந்தும் அந்தத் தயக்கத்தில் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொன்று வாங்கினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தபோதுதான் அவளுக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது. இத்தனை நாள் சூட்சுமம் தெரியாதவர்கள்தான் மாட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

அன்று கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் வேலை முடிந்து வந்து, கைவிரல் இடுக்கில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பல்லுக்கு வைத்த பணம் போய்விட்டது, இப்படி இப்படி ஆயிற்று என்றாள். அவர் வெகுநேரம் மாவையே சுரண்டினார்.

"காட்டு" என்றார் கடைசியில்.

"எதைங்க?"

"என் பல்லு எங்க நீந்துதுன்னு பார்க்கணும்ல?"

காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் சாப்பாடு போடணுமா?"

"போடணும்."

"போடலைன்னா?"

"மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு மிதக்கும்."

"என்னை மாதிரின்னு சொல்லு" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, குரலை இறக்கி, "கோபம் இருக்கு. இல்லேன்னு சொல்லலை. ரெண்டு நாள் பேசமாட்டேன், கண்டுக்காதே" என்றார். சொன்னபடியே இரண்டு நாள் பேசவில்லை. அதன் பிறகு அவளுடைய போனில் பணம் செலுத்துகிற இடத்தில் தானே ஒரு ரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டினார். மறுநாளே அந்த எண்ணை மறந்தும் போனார். அதைவிட நல்ல பூட்டு கிடைத்திருக்காது.

வாங்க முடியாது என்றானபின் ஆட்டம் இளைத்தது. ஆனால் அவளுடைய குறுகுறுப்பு இளைக்கவில்லை. சூட்சுமம் தெரிந்தால் ஆடுவதை நிறுத்துவார்களா மாட்டார்களா என்று பார்க்க, கூடத்தில் ஒரு வேலை செய்தாள். பொம்மை மெஷின் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்ட முதலாளியிடம் அனுமதி கேட்டாள். 'இந்தக் கை எப்போதாவது ஒரு முறைதான் இறுக்கிப் பிடிக்கும். மற்ற நேரங்களில் தளர்வாகத்தான் பிடிக்கும்.'

"ஒட்டிக்கோ. யாரு படிக்கப் போறா?" என்றார் அவர்.

படித்தார்கள். படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். அப்புறம் பக்கத்தில் நின்று, முன்னால் ஆடுகிறவர்கள் வரிசையாகத் தோற்பதைப் பார்த்து, "இத்தனை பேருக்கு வரலை, இப்ப வந்தே ஆகணும்" என்று முண்டியடித்துக்கொண்டு டோக்கன் போட்டார்கள். வாரக் கடைசியில் வசூலை எண்ணிப் பார்த்த முதலாளி அவளைக் கூப்பிட்டு, "அந்தப் பேப்பர்ல எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுதேன்" என்றார். அவள் அன்றைக்கே அதைக் கிழித்துவிட்டாள்.

விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்கும் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தாள். திட்டி எழுதவில்லை, மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள்: சிப்பியில் தங்க மீன் ஏன் எப்போதும் பக்கத்து இடத்தில் நின்றுபோகிறது, நானும் இதே தொழிலில் இருப்பவள், தெரிந்துகொள்ள ஆசை. பதில் வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி, உங்களைப் போன்றவர்களால்தான் எங்கள் தொட்டி நிறைகிறது, ஏமாற்றத்துக்கு ஈடாக இதோ சில சிப்பிகள், எங்கள் பரிசு.

பரிசுச் சிப்பிகள் தொட்டியின் தரையில் வந்து உட்கார்ந்திருந்தன. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இதை அண்ணனிடம் காட்டாமல் எப்படி? லீவு நாளன்று போனை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள்.

அவனும் பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தான். "கேள்வி கேட்டவ வாயில மிட்டாயைத் திணிச்சுட்டானே! கொடு, ஓசிதானே, எப்படித்தான் இருக்குன்னு பார்க்கறேன்."

கொடுத்தாள். அவன் ஒரு சிப்பியைத் தொட்டான். நடுங்கியது, திறந்தது, சுழன்றது, தயங்கியது, நின்றுவிட்டது. தங்கம். திரை முழுக்கப் பொன்னாகச் சொரிந்தது. அவள் மாதக்கணக்கில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டது அவன் தொட்ட முதல் சிப்பியில் வந்தது.

"ஐயோ அண்ணா!" என்று கத்தினாள், குஷியில்.

அவன் கத்தவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அடுத்த சிப்பியைத் தொட்டுவிட்டிருந்தான். அது சாம்பல். தோள் முன்னால் குனிந்திருந்தது, உதடு ஒட்டியிருந்தது. அடுத்ததைத் தொடுவதற்கு முன் அவன் கட்டைவிரல் தானாகத் தொடைப் பக்கம் போய் பேன்ட்டில் ஒரு தேய் தேய்த்தது.

இருவருமே அதைப் பார்த்தார்கள்.

அவன் போனைப் பக்கத்து இருக்கையில் வைத்தான், கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தான்.

"எடுத்துட்டுப் போ பாப்பா."

"அண்ணா, நான் வேணும்னு..."

"முதல்ல அதை எடு."

எடுத்துப் பைக்குள் போட்டாள். அவன் இறங்கிப்போய் ஒரு பழைய துணியால் பேருந்தின் ஜன்னல்களை வெளிப்பக்கமாகத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தான். அவள் உள்ளே, குட்டி இருக்கையில், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தன் ஆர்வத்தில் இவனை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்று நினைத்தாள். கண்ணாடிக்கு வெளியே அவன் முகம் வந்து வந்து போனது. மெல்ல அந்த முகம் தளர்வதையும் பார்த்தாள்.

ஏறி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். சட்டை நனைந்திருந்தது.

"நீ கேட்டதுல எனக்கு வருத்தமே இல்ல" என்றான். "சொல்லப்போனா, நீ கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் கொஞ்சம் லேசா இருக்கேன். இன்னும் கேளு. ஆனா வாயால கேளு. கையில கொடுக்காதே."

அவள் அங்கேயே விளையாட்டை அழிக்கப் போனாள். "என் முன்னாடி வேண்டாம்" என்றான். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அழித்தாள். நிஜமாகவே அழிக்கவா என்று போன் கேட்டது, ஆமாம் என்றாள், படம் சுருங்கிக் காணாமல் போனது. மிச்சமிருந்த சிப்பிகளில் என்ன இருந்திருக்கும் என்று அன்றைக்கும் மறுநாளும் யோசித்தாள். அதற்குப் பிறகும் பல நாள் யோசித்தாள். துணி மெஷின் நின்றால் கட்டைவிரல் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டாள். கணவரின் பல்லுக்குக் கேப் போட இன்னும் நாளானது. போட்ட அன்றே பேக்கரியில் எல்லாருக்கும் வாயைத் திறந்து காட்டினாராம்.

லீவு நாட்களில் மத்தியானம் அண்ணனைப் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. போனைப் பைக்குள்ளேயே வைத்துவிடுவாள். சில நாள் அம்மாவைப் பற்றிப் பேசுவார்கள், சில நாள் ஒன்றும் பேசாமல் ஆரஞ்சு உரித்துத் தின்பார்கள். ஒரு நாள் கேட்டாள்.

"இப்பவும் ஆடணும்னு தோணுமா?"

"தோணும்."

"மனசு சரியில்லாதப்பவா?"

அவன் யோசித்தான். "நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்ல. எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கும் பாரு, வயிறு நிறைஞ்சு, வெயில் இதமா, யாரும் எதுவும் சொல்லாம... அப்பத்தான் தோணும்."

"அது ஏன் அப்படி?"

"தெரியலையே. உனக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு எப்போது தோன்றுகிறது என்று இதுவரை கவனித்ததே இல்லை. "பார்த்துச் சொல்றேன்" என்றாள். பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் பைகளைக் குலுக்கிக்கொண்டு ஓடிவருகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவன் எழுந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போனான், அவள் ஆரஞ்சுத் தோல்களைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினாள்.